கர்ப்ப காலத்தில் கணவரின் விசாவை விரைவுபடுத்தித் தரும் வக்கீல் சேவை: காசு கொடுக்க வேண்டியதும் வேண்டாததும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பெண் ஒருத்தி, இந்தியாவில் இருக்கும் கணவரை அழைத்துக்கொள்ள மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கருவுற்றால், எல்லோரும் அவளிடம் சொல்லும் முதல் சொல் ‘எக்ஸ்பிடைட்’ என்பதுதான்; மனுவை வரிசையில் முன்னே எடுக்கும்படி கேட்பது என்று பொருள். அதையே தனிச் சேவையாக விலை வைத்து விற்கும் வக்கீல் அலுவலகங்களும் பல இருக்கின்றன. அப்படியோர் அலுவலகத்தில் நான் இரண்டு சேவைகளைப் பணம் கொடுத்துப் பெற்றேன். கணவரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவைத் தயாரித்து அனுப்பி, விசா நேர்காணல் வரை வழிநடத்துவது ஒன்று. என் கர்ப்பத்தைக் காரணம் காட்டி அந்த மனுவை விரைந்து எடுத்துக்கொள்ளும்படி கோரிக்கை வைப்பது மற்றொன்று. முதல் சேவை கொடுத்த காசுக்குத் தகுந்தது. இரண்டாவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இதே தொகுப்பு பல இடங்களில் ஏறக்குறைய இதே வடிவில் விற்கப்படுவதால், அலுவலகத்தின் பெயரை எழுதாமல் தொகுப்புக்குள் என்ன இருந்தது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்பிடைட் கோரிக்கைக்கு அமெரிக்க அரசு ஒரு சென்ட் கூட வாங்குவதில்லை. வேலை சார்ந்த சில மனுக்களுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்திக் குறித்த கெடுவுக்குள் பதில் பெறும் ‘பிரீமியம் பிராசஸிங்’ வசதி உண்டு. ஐ-130 மனுவுக்கு அந்த வசதி கிடையாது. 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-130 மனுவை இணையவழியில் தாக்கல் செய்ய 625 டாலர், காகிதத்தில் அனுப்ப 675 டாலர் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள்; அதற்கு மேல் யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரிசையில் முன்னே போக வழியில்லை. தகுந்த காரணத்தைச் சான்றுகளோடு எழுதிக் கேட்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் யு.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியேற்றச் சேவைத் துறையின் விருப்புரிமை. ஏற்றுக்கொண்டால் மனு ஓர் அதிகாரியின் கைக்கு முன்கூட்டியே போகும் என்பதே பொருள். மனு ஒப்புதல் பெற்றுவிட்டது என்று பொருளில்லை. ஒருவரின் மனுவை முன்னே எடுப்பது, அவருக்கு முன்பே மனுப் போட்டுக் காத்திருப்பவர்களைத் தாண்டி எடுப்பதாகும் என்பதால், காரணத்தைச் சான்றோடு நிறுவும் பொறுப்பைத் துறை நம்மிடமே வைத்திருக்கிறது. அது நியாயமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

தனி மனிதருக்கோ நிறுவனத்துக்கோ நேரும் கடுமையான பண இழப்பு, அவசரநிலை அல்லது மனிதாபிமானத் தேவை, லாபநோக்கற்ற அமைப்புகளின் சில வகைக் கோரிக்கைகள், அரசின் நலன், துறையே செய்த தெளிவான பிழை ஆகியவற்றைத் துறை காரணங்களாகக் கொள்கிறது. கர்ப்பம் என்பது இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே கர்ப்பிணியின் கோரிக்கை மனிதாபிமானத் தேவை என்ற வாசல் வழியாகவோ, பண இழப்பு என்ற வாசல் வழியாகவோதான் உள்ளே போக வேண்டும். தொகுப்பை விற்றவர்கள் இதை என்னிடம் சொல்லவில்லை என்பதே என் முதல் குறை.

முதல் சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ-130, அதோடு இணைக்கும் கணவரின் விவரப் படிவமான ஐ-130ஏ, திருமணப் பதிவுச் சான்றிதழும் அதன் சான்றிட்ட மொழிபெயர்ப்பும், நாங்கள் உண்மையாகவே குடும்பம் நடத்துபவர்கள் என்பதைக் காட்டும் பயணச் சீட்டுகள், புகைப்படங்கள், பணப் பரிமாற்றங்கள் எல்லாவற்றையும் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எதை நிறுவுகிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. பிரசவத்துக்கு மட்டும் கணவர் சுற்றுலா விசாவில் வந்து போகலாமா என்று நான் கேட்டபோது, நிரந்தரக் குடியேற்றத்துக்கு மனு நிலுவையில் இருப்பவரிடம் ‘திரும்பிப் போவேன்’ என்பதை நிரூபிக்கும் சுமை அதிகம் என்றும், மறுக்கப்படும் வாய்ப்பே பெரிது என்றும் மழுப்பாமல் சொன்னார்கள். வேண்டாத விண்ணப்பம் ஒன்றுக்குக் கட்டணம் வாங்கும் வாய்ப்பு இருந்தும் அதைச் செய்யாத இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது சேவையில் அந்த அக்கறை இல்லை. தனிக் கட்டணம் கட்டியதும் அவர்கள் அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தின் வரைவு இரண்டு பக்கம் இருந்தது. முதல் குழந்தை பிறக்கும்போது கணவன் அருகில் இருப்பது எவ்வளவு முக்கியம், பிரிவு எவ்வளவு மன உளைச்சலைத் தருகிறது, குடும்பத்தை ஒன்றிணைப்பது எவ்வளவு உயர்ந்த நோக்கம் என்பவற்றை அது உருக்கமாகப் பேசியது. என் பெயரை நீக்கிவிட்டு வேறு எந்தக் கர்ப்பிணியின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தியிருக்கும். இணைப்பாக மருத்துவரிடமிருந்து வாங்கித் தரச் சொன்ன கடிதத்துக்கும் அவர்களே ஒரு மாதிரி கொடுத்திருந்தார்கள்: ‘இவர் கர்ப்பமாக இருக்கிறார், எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள் இது, கணவர் உடனிருப்பது நன்மை தரும்’ என்று மூன்று வரி. பிரிவுத் துயரம் உண்மையானது. நானே அதை அனுபவித்தவள். ஆனால் வெளிநாட்டில் துணை இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தத் துயரம் உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லி, எல்லோரையும் தாண்டிப் போக அனுமதி கேட்க முடியாது. அந்தக் கடிதத்தோடு போன கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணம் விளக்கப்படவும் இல்லை. பொதுவாகவே இத்தகைய மறுப்புக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை, மேல்முறையீடும் கிடையாது. புதிய சான்றோடு மறுபடி கேட்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் என் கர்ப்பத்தின் நிலை மாறியது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி கீழே படிந்திருப்பதை ஸ்கேனில் கண்டார்கள்; பிளசென்டா பிரீவியா என்று அதற்குப் பெயர். திடீரென்று இரத்தப்போக்கு ஏற்படலாம், ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நஞ்சுக்கொடி நகராவிட்டால் 36-37 வாரங்களில் அறுவை செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும். இதை அலுவலகத்துக்குத் தெரிவித்தபோது, பழைய கடிதத்தில் ‘அபாயம் மிக்க கர்ப்பம்’ என்ற தொடரை மட்டும் செருகி மறுபடி அனுப்பலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. கோரிக்கை வைக்க வக்கீல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மனுதாரரே கேட்கலாம். ஆகவே அதை என் கையிலேயே எடுத்துக்கொண்டேன்.

இனி இந்த வழியில் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட உதவக்கூடியது மருத்துவரின் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். என் மகப்பேறு மருத்துவர் இரண்டாவது முறை எழுதிக் கொடுத்த கடிதம் ஒரே பக்கம். அதில் ஓர் உருக்கமான சொல் கூடக் கிடையாது. முதல் பத்தியில் நோயின் பெயர், கண்டறிந்த நாள், ஸ்கேன் காட்டியது என்ன என்பவை இருந்தன. அடுத்த பத்தியில் எனக்கு விதித்திருந்த கட்டுப்பாடுகள்: பளு தூக்கக் கூடாது, நீண்ட நேரம் நிற்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது. மூன்றாவது பத்திதான் கடிதத்தின் உயிர். இரத்தப்போக்கு தொடங்கினால் நோயாளி தானே வண்டி ஓட்டி வர இயலாது. எனவே இரவும் பகலும் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகும் சில வாரங்களுக்கு வண்டி ஓட்டுவதும் பிறந்த குழந்தையைத் தவிர வேறு எதையும் தூக்குவதும் கூடாது. இந்தக் காலம் முழுவதும் தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. கடைசியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இந்த உதவி தேவை என்று எழுதி, தன் நேரடித் தொலைபேசி எண்ணையும் உரிம எண்ணையும் கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தார்.

கணவர் வந்தால் நல்லது என்று அந்தக் கடிதம் எங்குமே சொல்லவில்லை. இன்ன வேலையைச் செய்ய இன்ன நாட்களில் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னது. அந்த ஆள் ஏன் கணவராகவே இருக்க வேண்டும் என்பதை விளக்குவது என் பொறுப்பு. என்னுடன் வேறு பெரியவர்கள் யாரும் வசிக்கவில்லை என்பதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம், அக்கா வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறார் என்பதற்கு அவருடைய உறுதிமொழிக் கடிதம் என்று இணைத்தேன். பண இழப்பு என்ற வாசலையும் அலுவலகம் தொடாமலே விட்டிருந்தது. கூட்டாட்சிச் சட்டப்படி, 1993-இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பை மட்டுமே உறுதி செய்கிறது. அந்த விடுப்புக்கு ஊதியம் உண்டு என்று அது சொல்லவில்லை. பிரசவத்துக்கு முன்பே என் விடுப்பு கரையத் தொடங்கியதையும், அது தீர்ந்த பிறகு வேலையே நிலைக்காமல் போகலாம் என்பதையும் பணியிடத்தின் கடிதத்தோடும் சம்பளச் சீட்டுகளோடும் காட்டினேன். பண இழப்பைச் சொல்லும்போது, மனுவைத் தாமதமாகப் போட்டதால் நாமே வரவழைத்துக்கொண்டதல்ல அது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். துறை அதைக் கவனிக்கும்.

கோரிக்கையை வைப்பது சிரமமில்லை. யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையக் கணக்கின் வழியே செய்தியாக அனுப்பலாம், அல்லது தொடர்பு மையத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம். மனு எண்ணையும் காரணத்தையும் சொல்லிச் சான்றுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு முழுத் தொகுப்புக் கட்டணத்துக்கு ஈடான வேலை இதில் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதோடு, நான் வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தையும் அணுகினேன். அமெரிக்காவில் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் தொகுதி மக்களின் அரசு அலுவலகச் சிக்கல்களைக் கவனிக்கவென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்தச் சேவை முற்றிலும் இலவசம். நம் கோப்பைப் பற்றித் துறையிடம் பேச அனுமதி தரும் தனியுரிமைப் படிவம் ஒன்றில் மனுதாரர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். என் கோப்பை எடுத்துக்கொண்ட ஊழியர் மருத்துவரின் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அறுவை நாள் மாறக்கூடியது என்றால் அதையும் எழுதி வாங்குங்கள் என்று சொன்னார். நான் காசு கொடுத்த இடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பிரதிநிதியின் அலுவலகம் விசாரிப்பதால் முடிவு மாறிவிடும் என்று எண்ணக் கூடாது. அவர்கள் நம் கோரிக்கையை உரிய மேசைக்குச் சேர்ப்பார்கள், பதில் வந்ததா என்று பின்தொடர்வார்கள். வயிற்றில் குழந்தையோடு தனியாக இருக்கும் ஒருத்திக்கு, பின்தொடர ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

இரண்டாவது கோரிக்கை ஏற்கப்பட்டது. மனுவுக்கு ஒப்புதலும் வந்தது. அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய குறை. யு.எஸ்.சி.ஐ.எஸ். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருவது. ஒப்புதல் பெற்ற மனு அங்கிருந்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அது வெளியுறவுத் துறையைச் சேர்ந்தது. பிறகு நேர்காணல், இந்தியாவிலிருந்து வருவோருக்குப் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில். முதல் இடத்தில் கிடைத்த முன்னுரிமை அடுத்த இடத்துக்குத் தானாக வந்து சேராது; ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கேட்க வேண்டும். நான் வாங்கிய தொகுப்போ முதல் கட்டத்துக்கு மட்டுமானது. விசா மையத்தில் கேட்க மறுபடி ஒரு கட்டணம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அது பொடி எழுத்தில் இருந்ததாம். தொலைபேசியில் விற்கும்போது ‘கணவர் சீக்கிரம் வந்துவிடுவார்’ என்று பேசியவர்கள், பாதையில் மூன்று வாசல்கள் இருக்கின்றன என்பதையும் பேசியிருக்க வேண்டும்.

விசா மையம் கேட்பது முன்னதைவிடக் கண்டிப்பானது. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரநிலை இருக்கிறது என்று மருத்துவர் தன் தொடர்பு விவரங்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும். மையம் அதைத் தூதரகத்துக்கு அனுப்பும், தூதரகமே முடிவு செய்யும். சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் கர்ப்பத்தை வைத்து இந்த வாசலைத் தட்டுவதில் பயனில்லை என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் சக்தியைக் காகிதங்களில் செலவிடுவது நல்லது: டி.எஸ்-260 எனப்படும் குடியேற்ற விசா விண்ணப்பம், 325 டாலர் விசாக் கட்டணம், 120 டாலர் ஆதரவு உறுதிமொழிக் கட்டணம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு முழுமையடையாது. முழுமையடையாத கோப்பு நேர்காணல் வரிசையிலேயே சேராது. காகிதக் குறையால் இழக்கும் நாட்களை எந்த எக்ஸ்பிடைட்டும் திருப்பித் தராது.

இந்தக் கட்டத்தில் அலுவலகத்தின் முதல் சேவை மறுபடி கைகொடுத்தது. வருபவரின் செலவைத் தாங்குவேன் என்று மனுதாரர் எழுதிக் கொடுக்கும் ஐ-864 ஆதரவு உறுதிமொழியில், அவரது வருமானம் அவருடைய குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழந்தை பிறந்துவிட்டால் குடும்ப எண்ணிக்கையில் ஒன்று கூடும், தேவையான வருமானமும் கூடும். நான் ஊதியமில்லா விடுப்பில் இருந்ததால் வருமானம் குறைந்திருந்தது. கோப்பைக் கையாண்ட பெண்மணி இதை நான் கேட்காமலே கவனித்து, மூன்று பேருக்கான கணக்கைப் போட்டுப் பார்த்து, அக்காவை இணை ஆதரவாளராகச் சேர்க்கச் சொன்னார். குழந்தை, நேர்காணலுக்கு முன்பே பிறந்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் மும்பையில் கோப்பு அங்கேயே நின்றிருக்கும். கணவர் வந்து சேர்ந்தபோது எனக்கு இன்னும் வண்டி ஓட்ட அனுமதி வரவில்லை. மருத்துவரின் கடிதம் எந்த நாட்களுக்கு ஆள் கேட்டதோ, அந்த நாட்களில் கடைசிப் பகுதிக்கு அவர் கிடைத்தார்.

என் நிலையிலிருந்து மாறுபட்டவர்களுக்கும் இதே தொகுப்பைத்தான் விற்கிறார்கள். அவர்கள் காட்டிய கட்டணப் பட்டியலில் குடியுரிமை பெற்றவரின் துணைக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கும் ஒரே வரி, ஒரே விலை. முன்னவருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. பின்னவர் ஆண்டு வரம்புள்ள எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறார்; அங்கே விசா எண் கிடைக்கும் முறை வர வேண்டும். மாதந்தோறும் வெளியாகும் விசா அறிவிப்பில் அவருடைய முன்னுரிமைத் தேதி, அதாவது மனுப் போட்ட நாள், வராதவரை, மனுவை எவ்வளவு விரைவாக ஒப்புதல் வாங்கினாலும் விசா தர முடியாது. இதைச் சொல்லாமல் அவரிடம் பணம் வாங்குவதை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்.

கர்ப்பிணியே வெளிநாட்டில் இருந்து வர வேண்டியவர் என்றால் கேள்விகள் வேறு. விசா மருத்துவப் பரிசோதனையில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணிகள் அதைப் பற்றி முன்கூட்டியே, இந்தப் பரிசோதனைக்கென்று தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பேசி, வயிற்றுக்கு ஈயக் காப்பு அணிந்து எடுத்துக்கொள்வதா, தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் விசாவும் தள்ளிப்போகும். தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா தடுப்பூசியும் சின்னம்மைத் தடுப்பூசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை என்பதால் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. மருத்துவர் அதைப் படிவத்தில் குறித்தால் அதனால் விசா தடைபடாது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சான்றிதழ் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது. ஆகவே அவர்களுடைய கோரிக்கைக் கடிதத்தில் பிரசவ நாளைவிடப் பயணத்துக்கான கடைசி நாள் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தை அங்கேயே பிறந்துவிட்டால், குடியுரிமை பெற்ற தந்தை அதற்கு முன்பு அமெரிக்காவில் மொத்தம் 5 ஆண்டுகள், அதில் 2 ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு வாழ்ந்திருந்தால், திருமண உறவில் பிறந்த அந்தக் குழந்தை பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கலாம். தாயின் விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை முன்பே அறிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

தொகுப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். கோரிக்கை அனுப்பப்பட்டுவிட்டதால் சேவை நிறைவேறியது என்று பதில் வந்தது. ஒப்பந்தப்படி அது சரிதான். அடுத்து எங்களுக்கு, கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு இருக்கிறது. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கணவர் வந்ததால் அவருடைய கிரீன் கார்டு இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். அந்த வேலையை, ஐ-864 கணக்கைப் பார்த்துச் சொன்ன அதே பெண்மணியிடம் ஒப்படைக்க ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். இந்த முறை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே யார் செய்வது, என்ன கட்டணம் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.